தகரக் குழலின் சரித்திரம்

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறிவரும் பாதையில் வாகனத்தைக் கண்ணாற் காண்பதற்கு முன்னரே காதாற் கேட்டுவிடலாம். வளைவுக்கு வளைவு ஓசை மறையும், மறுபடி தோன்றும். வருவது லொறியா, பஸ்ஸா, மோட்டார் சைக்கிளா, அந்த மோட்டார் சைக்கிளின் சைலன்சர் முழுமையாக இருக்கிறதா, ஓட்டை விழுந்ததா என்பதையெல்லாம் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே எங்கள் சிறுவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஓட்டை விழுவது இங்கே அபூர்வமன்று. இந்நாட்டில் மழை மிகுந்த பகுதிகளுள் எங்களுடையதும் ஒன்று. வெளியே மழைநீர், உள்ளே பெற்றோல் எரியும்போது புகையோடு கலந்துவரும் நீராவி. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட இரும்புத் தகடு சில ஆண்டுகளிற் பொத்துப்போகிறது. புதிதாக ஒன்றை வாங்கிப் பூட்டினால் காரியம் முடிந்துவிடும். ஆனால் 2022-ஆம் ஆண்டில் அவ்வாறு முடியவில்லை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. 2022-இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. உதிரிப்பாகம் எதையும் விலை கேட்கவே அஞ்சவேண்டிய காலம் அது.

அந்தக் காலத்தில்தான் என் பழைய மாணவன் ஒருவன் சைலன்சர் செய்யத் தொடங்கினான். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளியை விட்டு விலகியவன். தெருவோரக் கராஜ் ஒன்றில் பாஸுக்கு உதவியாள். தாய் கொழுந்து பறிப்பவர். அவனுடைய மோட்டார் சைக்கிளோ நான்கைந்து கை மாறி வந்தது. கழிவிரும்புக் குவியலில் எடுத்த ஓர் அங்குலக் குழாய், கொஞ்சம் தடித்த தகடு, பாஸின் வெல்டிங் இயந்திரம்: இவைதாம் அவனுடைய முதலீடு. குழாயின் ஒரு முனையை அடைத்து, பக்கங்களில் துளையிட்டு, அதைத் தகட்டினாற் செய்த உருளைக்குள் நிறுத்தி, உருளையின் மறுகோடியில் வெளிப்போக்குக் குழாய் ஒன்றை வைத்து ஒட்டினான். ஓசை நன்றாக அடங்கிற்று. ஆனால் வண்டி ஏற்றத்தில் மூச்சுத் திணறி நின்றுவிட்டது.

அவன் என்னிடம் வந்தது அதற்கு வைத்தியம் கேட்டல்ல. தமிழாசிரியனிடம் அதற்கு மருந்து இராது என்பது அவனுக்குத் தெரியும். கேட்டது வேறு. "சேர், இத மொதல்ல செஞ்சது யாரு சேர்?" நன்னூலைச் செய்தவர் யாரென்று கேட்டிருந்தால் கணமும் தயங்கியிரேன். இதற்கு விடை தெரியாமல் நின்றேன். பின்னர் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கருவி செய்யும் வேலையைப் புரிந்துகொள்வோம். நான்கு வீச்சு இயந்திரத்தின் ஒற்றைச் சிலிண்டர் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றுகையில் விநாடிக்கு இருபத்தைந்து முறை வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பின் முடிவிலும் வால்வு திறக்கும் தறுவாயில், உள்ளே இன்னும் மிகுந்த அழுத்தத்தோடு இருக்கும் சூடான வாயு துப்பாக்கிக் குண்டைப் போலப் பாய்ந்து வெளியேறுகிறது. சைலன்சர் இல்லாத மோட்டார் சைக்கிள் விநாடிக்கு இருபத்தைந்து தடவை சுடுகின்ற ஒரு துப்பாக்கி எனலாம். பெருக்கெடுத்த ஆறு காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குள் புகுந்து வேகம் தணிந்து அப்பால் அளவாக வெளியேறுவதை நாம் பார்த்திருக்கிறோம். சைலன்சரின் அகன்ற வயிறும் அத்தகைய தேக்கமே. குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் வந்த வாயு விரிந்து தணிகிறது. ஓசை அலைகள் சுவர்களில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இது ஒரு முறை. துளைக் குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சையோ இரும்புப் பஞ்சையோ அடைத்து, ஓசையை அந்தப் பஞ்சு உறிஞ்சிச் சூடாக மாற்றச் செய்வது இன்னொரு முறை.

மாணவனுடைய வண்டி திணறியதற்குக் காரணம் எளிய கணக்கு. அடைத்த குழாயின் வாயு வெளியேறத் துளைகளைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே துளைகளின் மொத்தப் பரப்புக் குழாய் வாயின் பரப்புக்குக் குறையலாகாது. ஓர் அங்குலக் குழாய்க்கு அரைக்கால் அங்குலத் துளை எத்தனை வேண்டும்? விட்டத்தில் எட்டிலொன்று என்றால் பரப்பில் அறுபத்துநான்கிலொன்று. ஆக 64 துளைகள். அவன் இட்டவை முப்பதுக்கும் குறைவு. பள்ளியில் வட்டத்தின் பரப்பளவைப் பலகையில் எழுதி, அவனை எழுப்பிக் கேட்டு, விடை வராமல் உட்கார வைத்தவர்கள் நாங்கள்தாம். எதற்காக அந்தக் கணக்கு என்பதை எங்களில் எவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இனி அவன் கேள்விக்கு வருவோம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்றொரு சிற்றூர். அங்கே மில்ட்டன் றீவ்ஸ், மார்ஷல் றீவ்ஸ் என்ற சகோதரர் மரவேலை ஆலைகளுக்கான கப்பிகளைச் செய்து விற்றுவந்தார்கள். 1896-இல் அவர்கள் இயந்திர வண்டி ஒன்றைச் செய்து தெருவில் ஓட்டினார்கள். அதன் இரைச்சல் பொறுக்கக்கூடியதாக இல்லை. தெருவெல்லாம் குதிரை வண்டிகள் நிறைந்திருந்த காலம் அது. 1897 மே 11-ஆம் நாள் இயந்திரத்தின் புகைக்குழாய் ஓசையை அடக்கும் கருவிக்கு அவ்விருவரும் காப்புரிமை பெற்றனர். காப்புரிமைச் சுவடிகளை மட்டும் சாட்சியாகக் கொண்டால் சைலன்சரின் பிறப்பை இங்கே வைக்கலாம்.

அதே தேசத்திலிருந்து இன்னொரு குடும்பக் கதை. தந்தை ஹைரம் மாக்ஸிம் 1884-இல் தானாகவே சுடும் யந்திரத் துப்பாக்கியைச் செய்தவர்; பிரிட்டிஷ் பிரஜையாகி 'சேர்' பட்டமும் பெற்றவர். 1893-இல் தென்னாபிரிக்கப் பகுதியில் ஈட்டியும் கேடயமும் ஏந்தி நின்ற மட்டபேலே மக்களைச் செசில் றோட்ஸின் கம்பெனிப் படை கொன்று குவித்தது இந்தத் துப்பாக்கியாலேதான். சோதனைக்காக ஓயாமற் சுட்டுச்சுட்டு மாக்ஸிம் தம் செவிப்புலனையும் இழந்தார். அவருடைய மகன் ஹைரம் பேர்சி மாக்ஸிம் 1909-இல் துப்பாக்கி ஓசையை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் அவருடைய கம்பெனி அதே தத்துவத்தை இயந்திரங்களின் புகைக்குழாய்க்குப் பயன்படுத்திப் பிழைத்தது. தந்தை எழுப்பிய ஓசையை மகன் அடக்கினான் என்று இதனை நயமாகச் சொல்லிவிடலாம். ஆனால் மட்டபேலே மக்களின் காதில் விழுந்த ஓசையை எந்தக் குழாயும் அடக்கவில்லை.

இங்கிலாந்தில் சறே மாகாணத்தில் புரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் 1907-இல் மோட்டார்ப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. ஓட்டியவர்கள் செல்வர்கள், அயலில் மாளிகை கட்டிக் குடியிருந்தவர்களும் செல்வர்கள். ஒரு செல்வருடைய பொழுதுபோக்கு இன்னொரு செல்வருடைய உறக்கத்தைக் கெடுத்ததால் வழக்கும் வாதமும் எழுந்தன. 1920-களின் நடுவிலே பந்தய வாகனம் ஒவ்வொன்றும் பெரிய தகர டப்பா போன்ற சைலன்சரைப் பூட்டியே ஓடவேண்டும் என்ற விதி வந்தது. 'புரூக்லண்ட்ஸ் டப்பா' என்றே அதற்குப் பெயர். மீன்வால் போலத் தட்டையாக விரிந்த அதன் வாயைப் பழைய படங்களிற் காணலாம். அமைதியாக உறங்கும் உரிமை என்பது முதலில் யாருக்காகச் சட்டத்தில் ஏறிற்று என்பதை இக்கதை காட்டுகிறது.

அதே காலத்தில் எங்கள் மலைகளில் நிலைமை வேறு. தோட்டங்களில் சின்னத்துரைமார் மோட்டார் சைக்கிளில் மலை சுற்றிய நாட்களைப் பற்றி முதியவர்கள் இன்றும் பேசுவார்கள். விடியலில் தப்பு ஒலிக்கும். பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். மலையில் நிரை பிரிந்து கொழுந்து பறிக்கையில் எங்கோ ஒரு வளைவில் சைக்கிளின் உறுமல் கேட்கும். கேட்டதும் குனிந்த தலை மேலும் குனியும். குழந்தையைப் படங்கில் கிடத்திப் பாலூட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து நிரைக்கு ஓடுவாள். கங்காணியின் குரல் உயரும். துரையின் வண்டி இரைகிறது என்று முறையிட அங்கே எவரும் இல்லை. முறையிட்டிருந்தாலும் கேட்பாரில்லை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949-இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் எங்கள் மக்களிற் பெரும்பாலாரின் நாட்டையும் வாக்கையும் பறித்தன. குரலை அடக்கும் கருவி எங்களுக்குப் புதிதன்று.

ஆயினும் ஒரு விசித்திரத்தைச் சொல்லியாகவேண்டும். அந்த உறுமல் எங்கள் பாட்டிமாருக்கு உதவிற்று. இரண்டு மலைக்கு அப்பால் வருபவரை அது காட்டிக்கொடுத்தது. நல்ல சைலன்சர் பூட்டிய வண்டி ஓசையின்றி வந்து முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தால் அவர்கள் பாடு எப்படியாகியிருக்கும்? ஓசை நல்லதா தீயதா என்பது யாருடைய காதில் அது விழுகிறது என்பதைப் பொறுத்தது. இந்த நுட்பத்தை எந்தக் காப்புரிமைச் சுவடியிலும் காணவில்லை.

ஓசையை அடக்குவதோடு புகைக்குழாயின் கதை நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிரேன். அந்தக் குழாய் இயந்திரத்துக்கே வலுவூட்டும் என்பதைக் கண்டறிந்த வரலாறு ஒன்று உண்டு. அது நடந்தது கிழக்கு ஜேர்மனியில், ட்சோப்பாவ் என்ற ஊரில்.

டீ.கே.டபிள்யூ. என்ற மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை அவ்வூரில் இருந்தது. 1920-களின் இறுதியில் உலகிலேயே பெரிய மோட்டார் சைக்கிள் ஆலை அதுதான். போருக்கு முன் அங்கே உருவான ஆர்.டி. 125 என்ற சிறிய வண்டியின் விதி வேடிக்கையானது. 1945-இல் நாஜிகள் தோற்றபின் ஆலையின் இயந்திரங்கள் போர் இழப்பீடாகச் சோவியத் நாட்டுக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டன. அங்கே அதே வண்டி 'மொஸ்க்வா' என்ற பெயரில் வந்தது. வெற்றிபெற்ற பிரிட்டன் அதே அமைப்பை எடுத்து 1948-இல் பி.எஸ்.ஏ. பண்டம் என்று விற்றது. அமெரிக்க ஹார்லி கம்பெனியும் விட்டுவைக்கவில்லை. 1955-இல் ஜப்பானின் யமஹா தன் முதல் வண்டியை அதைப் பார்த்தே செய்தது. வரைந்த தொழிலாளரின் ஊரில் மிஞ்சியவை வெறுங்கட்டடமும் பழகிய கைகளுமே.

அந்தக் கைகளுள் ஒன்று வால்டர் காடனுடையது. 1919-இல் சக்சனியில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஹென்ஷல் கம்பெனியின் ஏவுகணை வேலையில் ஈடுபடுத்தப்பட்டவர். அந்தப் பணி எவரும் பெருமைப்படத்தக்கதன்று. போர் முடிந்தபின் ஊர் திரும்பி வீட்டுக் கூரைகளுக்கான மரவேலை செய்து பிழைத்தார். ஓய்வு நேரத்தில் பழைய ஆர்.டி. 125 ஒன்றைத் தாமே திருத்திப் பந்தயத்தில் ஓட்டினார். 1950-களின் தொடக்கத்தில், பொதுவுடைமையாகிவிட்ட அந்த ஆலையின் பந்தயப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. ஆலையின் பெயர் பின்னர் எம்.இஸட். ஆயிற்று.

இரண்டு வீச்சு இயந்திரத்தில் வால்வுகள் இல்லை. புதிய எரிகலவை உள்ளே வரும் வேளையிலேயே பழைய புகை வெளியே போகிறது. அதோடு புதிய கலவையிலும் ஒரு பகுதி வீணே ஓடிவிடுகிறது. இதனாலே அதனை ஏழைகளின் இயந்திரம் என்று பெரிய கம்பெனிகள் ஒதுக்கிவைத்தன. புகைக்குழாயில் ஓடும் அழுத்த அலைகளை இதற்குப் பயன்படுத்தலாம் என்ற முயற்சியை ஏரிக் வோல்ப் போன்றோர் முன்னரே தொடங்கியிருந்தார்கள். காடன் அந்த அலைகளை அலைகாட்டிக் கருவியின் திரையிற் பார்த்து, தகட்டை வெட்டி, கூம்பாகச் சுருட்டி, ஒட்டி, ஓட்டிப்பார்த்து, மறுபடி வெட்டினார். குழாய் முதலில் புனல்போல மெல்ல அகலவேண்டும். அகலும் இடத்திலிருந்து திரும்பும் அலை உறிஞ்சுவதுபோலச் செயற்பட்டுப் பழைய புகையை இழுத்துவிடும். பின்னர் குழாய் மீண்டும் ஒடுங்கவேண்டும்; அந்த ஒடுக்கத்தில் மோதித் திரும்பும் அலை, தப்பியோடப் பார்த்த புதிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். அசையும் உறுப்பு ஒன்றுமில்லாத வெறும் தகரம் வால்வின் வேலையைச் செய்தது!

1961-இல் அவருடைய 125 கன சென்றிமீற்றர் இயந்திரம் 25 குதிரைவலுவைத் தந்தது. லீற்றருக்கு 200 குதிரைவலு என்ற அளவை, காற்றை அமுக்கி ஊட்டும் துணைக் கருவி இல்லாமல், அதற்கு முன் எந்த இயந்திரமும் எட்டியதில்லை. பணமும் நல்ல உலோகமும் அருமையாக இருந்த ஒரு பட்டறை, ஹொண்டா போன்ற செல்வக் கம்பெனியோடு உலகப் பட்டத்துக்கு மல்லுக்கு நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது யாவரும் அறியத்தக்கது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பெர்லினில் மதில் எழுந்தது. எம்.இஸட். வீரர் ஏர்ன்ஸ்ட் டேக்னர் பட்டத்தை நெருங்கியிருந்தார். செப்டெம்பர் 17-ஆம் நாள் சுவீடனின் கிறிஸ்தியான்ஸ்தாட் பந்தயத்தில் அவருடைய இயந்திரம் பழுதாயிற்று. அன்றே அவர் மேற்கு நோக்கித் தப்பிச் சென்றார். மனைவியும் மக்களும் ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்து எல்லை கடந்தனர். காடனின் நுட்பத்தை அவர் ஜப்பானின் சுசுகி கம்பெனிக்குக் கொடுத்தார். மறு ஆண்டே, 1962-இல், சுசுகி வண்டியில் 50 கன சென்றிமீற்றர் உலகப் பட்டத்தை வென்றார். எம்.இஸட். உலகப் பட்டம் எதையும் ஒருபோதும் வெல்லவில்லை.

டேக்னரைத் துரோகி என்று ஏசிவிட்டுப் போவது எளிது. நம்மவர் சிலர் அவ்வாறே செய்வர். தன் மக்களையே மதிலெழுப்பி அடைக்கவேண்டிய நிலைக்கு ஓர் அரசு வந்தது ஏன் என்ற கேள்வியை அவர்கள் கேட்கமாட்டார்கள். மறுபக்கத்தில், சுதந்திரத்துக்குத் தப்பிய வீரன் என்று பாடுபவர்கள், கூம்பு கூம்பாகத் தகடு ஒட்டிய பட்டறைத் தொழிலாளருக்கு அந்தச் சுதந்திரம் என்ன கூலி கொடுத்தது என்று கேட்கமாட்டார்கள். காடன் ட்சோப்பாவிலேயே இருந்தார், 1996-இல் இறந்தார். அவருடைய கூம்புகளோ உலகெங்கும் ஓடின. 1985-இல் இந்தியாவில் வெளிவந்து தமிழ்நாட்டு இளைஞர் நெஞ்சைக் கொள்ளைகொண்ட யமஹா ஆர்.எக்ஸ். 100-இன் புகைக்குழாயும் அந்தப் பரம்பரையிலே வந்ததுதான்.

தமிழர் நிலத்திலும் இத்தகைய கைகள் இல்லாமற் போகவில்லை. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு, பள்ளிப்படிப்பில் நாட்டமில்லாத கிராமத்து இளைஞராக இருந்தபோது, வெள்ளை அதிகாரி ஒருவருடைய றட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். ஹோட்டலில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து அதனை வாங்கினார். வாங்கியதும் ஓட்டுவதை விட்டுவிட்டு அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். 1920-இல் ஒற்றைப் பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கிய அவர் பின்னாளில் பெரும் தொழிலதிபரானார். அந்தப் பகுதியைப் பிறர் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கழற்றிய வண்டியே போதும்.

எங்களுக்கு இன்னும் அண்மையது யாழ்ப்பாணம். 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. வண்டிகள் நின்றுவிடவில்லை. சொட்டுப் பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி மோட்டார் சைக்கிள்களை ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது, புகை கக்கும், சைலன்சருக்குள் கரி அப்பிக்கொள்ளும். அடைத்த சைலன்சரைக் கழற்றி நெருப்பிலிட்டுக் கரியைச் சுட்டுத் தட்டி எடுப்பது பழைய கராஜ் வித்தை. பெயரறியாத எத்தனையோ பாஸ்மார் தடை நாட்களெல்லாம் அந்த வித்தையினாலே நோயாளியையும் ஆசிரியரையும் சுமந்த வண்டிகளை ஓடவைத்தார்கள். அவர்கள் பெயரில் காப்புரிமை ஒன்றும் பதிவாகவில்லை.

இப்படிச் சொல்வதால், சைலன்சரின் உள்ளுறுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு நள்ளிரவில் ஊரை எழுப்பும் இளைஞருக்கு நான் பரிந்து பேசுவதாக எவரும் எண்ணவேண்டாம். லயத்துச் சுவர் எவ்வளவு மெல்லியது என்பது அதற்குள் பிறந்தவனுக்குத் தெரியும். ஒரு காம்பிராவில் குழந்தை விழித்தால் நான்கு காம்பிராவில் தூக்கம் போய்விடும். ஆனால் பிடுங்குகிறவனையும் செய்கிறவனையும் ஒரே கூட்டத்திற் சேர்த்து, 'தோட்டத்துப் பொடியன்கள் சத்தம்போடுகிறார்கள்' என்று ஆசிரியர் அறையிலேயே பேசக் கேட்டிருக்கிறேன். நானும் பேசியிருக்கிறேன்.

மாணவனுடைய இரண்டாவது சைலன்சர் வெல்டிங் சரியாகப் பிடிக்காமல் ஓரம் வெடித்தது. அதை ஒட்டிய மின்சாரம் எங்கள் ஆறுகளிலே பிறந்தது. இலக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950-இல். அருகிலுள்ள பல லயங்களுக்கு அந்த வெளிச்சம் வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. மூன்றாவதை அவன் செய்துகொண்டிருந்தபோது கராஜுக்குப் போய், றீவ்ஸ் சகோதரரிலிருந்து காடன் வரையில் இக்கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அந்த ஜேர்மன்காரரு தகட்ட கையிலயா சேர் சுருட்டினாரு?"

"கையிலதான்."

தலையை ஆட்டிக்கொண்டு, சோக்கட்டியை எடுத்துக் குழாயின்மேல் வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை புள்ளி வைக்கத் தொடங்கினான்.